தெர்மாகோல் ஒட்டினால் மூன்றும் தீருமா?

குன்னூருக்கு மேலே பழைய தகரக் கூரை வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். ராத்திரி குளிர் தாங்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. சில நாள் சுவரில் கை வைத்தால் சுரீர் என்கிறது. நல்ல இன்சுலேஷன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டலாமா என்கிறார். கேள்வி தெர்மாகோலைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: குளிர், சத்தம், கரண்ட் மூன்றையும் ஒரே பொருள் தடுக்குமா? தடுக்காது. ஒன்றுக்கு நல்லதாக இருப்பது இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் முடியலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் உங்கள் பணம் வீணாகாமல் இருக்கும்.

நான் பேசும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 27 வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன். இலையை உலர்த்தும் டிரையருக்குப் போகும் காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தக் குழாய்களுக்கு ராக்வுல் என்ற பாறைப் பஞ்சைச் சுற்றிச் சூடு வெளியேறாதபடி உறை (லேக்கிங்) போடுவது, எரிந்துபோன மோட்டாருக்கு ரீவைண்டிங் பார்ப்பது, இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மிஷின் சத்தத்தில் ஆபீஸ் அறையைக் காப்பாற்றுவது எல்லாம் என் தலையில்தான் விழும். வெப்பமும் கரண்டும் என் தொழில். சத்தத்தில் அனுபவம் உண்டு, ஆனால் அளவுக்கருவி வைத்துப் படித்தவன் இல்லை. கட்டட என்ஜினியரும் இல்லை. ஆகையால் உங்கள் கூரைச் சட்டம் எவ்வளவு எடை தாங்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன்.

இன்சுலேஷன் என்ற ஒரே வார்த்தையை மூன்று வேலைக்கும் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. பள்ளிக்கூடத்தில் அரிதிற் கடத்தி என்று மரம், ரப்பர், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உங்கள் கீசருக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக் குழாய்க்கும் உள்ளே சூடாகும் கம்பிக்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது கரண்டை விடாது, சூட்டைத் தாராளமாக விடும். அந்த இரண்டு குணமும் சேர்ந்திருப்பதால்தான் தண்ணீர் சூடாகிறது, நமக்கு ஷாக் அடிக்கவில்லை. வைரம் இன்னும் விசித்திரம்: மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தெர்மாகோல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், சத்தத்தை ஏறக்குறைய தடுக்கவே தடுக்காது. அலுமினியத் தாள் கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், கரண்டைத் தாராளமாக உள்ளே கூட்டி வரும். ஆக, எதைத் தடுக்க என்று கேட்காமல் பொருளைத் தேர்வு செய்யவே முடியாது.

முதலில் குளிர். வெப்பத்தைத் தடுக்கும் பொருட்கள் பெரும்பாலும் ஒரே சூட்சுமத்தில் வேலை செய்கின்றன: அசையாமல் கட்டிப்போட்ட காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025. அலகை விடுங்கள், ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். தெர்மாகோல் 0.035, ராக்வுல் 0.04, மரம் 0.13, செங்கல் 0.7, கான்கிரீட் 1.5, கருங்கல் 2 முதல் 3 வரை, இரும்பு 50. தெர்மாகோல் துண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் காற்றுதான். பிளாஸ்டிக் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூடு, அவ்வளவே. தோடர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துக் கட்டி, மேலே தடிமனாகப் புல் வேய்ந்து, தவழ்ந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குச் சின்ன வாசல் வைத்தார்கள். புல்லுக்குள் காற்று அசையாது. வாசல் வழியே சூடான காற்று ஓடாது. நம் தகரக் கூரை வீடுகளில் இந்த இரண்டுமே தலைகீழ்.

எவ்வளவு தலைகீழ் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்துக்குப் பதினைந்து அடி அறை, கூரை ஏறக்குறைய 14 சதுர மீட்டர். உள்ளே 18 டிகிரி, வெளியே 8 டிகிரி. வெறும் தகரம் என்றால் கூரை வழியாக மட்டும் சுமார் 900 வாட் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட ஒரு ரூம் ஹீட்டர் முழுக்க ஆகாயத்தைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடியில் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் வந்தால் அது 170 வாட் அளவுக்கு இறங்கும். 50 மில்லிமீட்டர் என்றால் 90. 100 மில்லிமீட்டர் என்றால் 50க்குப் பக்கம். கவனித்தீர்களா? முதல் ஒரு அங்குலம் செய்யும் வேலையை அடுத்த மூன்று அங்குலமும் சேர்ந்து செய்வதில்லை. பிளெயின்ஸில் இருந்து வரும் விற்பனையாளர் 100 மில்லிமீட்டர் போடச் சொன்னால் அவசரப்படாதீர்கள். 50 போதும். மிச்சப் பணத்தைக் கதவு ஜன்னல் இடுக்குகளுக்கும், தகரத்தின் நெளிவும் சுவரும் சேரும் இடத்தில் இருக்கும் ஓட்டைகளுக்கும் செலவு செய்யுங்கள். காற்று ஓடும் வீட்டில் என்ன ஒட்டினாலும் மேலே சொன்ன எண்கள் பலிக்காது. இந்தப் பத்தியில் சொன்னதெல்லாம் பௌதிகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் வீட்டில் வாட் எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், விகிதம் மாறாது.

மலையில் இன்னொரு விஷயம் உண்டு. மேகமில்லாத ராத்திரியில் கூரை காற்றுக்கு மட்டும் வெப்பத்தைக் கொடுப்பதில்லை, திறந்த வானத்துக்கும் வீசுகிறது. அதனால் தகரத்தின் சூடு சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே போய்விடும். ஊட்டி அருகே தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடப்பது இதனால்தான். தேயிலைச் செடிக்கு மேல் தாகை என்ற செடியைப் பரப்புவதும், ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பதும் செடிக்குப் போர்வை போர்த்துவதற்காக மட்டும் இல்லை. செடி வானத்தைப் பார்க்காமல் மறைப்பதற்காகவும்தான். இங்கேதான் பளபளப்பான பபிள் ஃபாயில், அதாவது காற்றுக் குமிழ் ஷீட்டில் அலுமினியத் தாள் ஒட்டியது, விற்பவர் வருவார். கோயம்புத்தூரில் அது அருமையாக வேலை செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அங்கே வெப்பம் மேலிருந்து கீழே வருகிறது, கூரையிலிருந்து கதிராக வருகிறது. நமக்கோ வெப்பம் கீழிருந்து மேலே போகிறது. சூடான காற்று தானாகவே மேலே ஏறும், அதை ஃபாயில் தடுக்காது. ஓரளவு பலன் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சமவெளிக் கடையில் சொல்லும் பலனை நம் ராத்திரியில் எதிர்பார்க்க வேண்டாம். தவிர, ஃபாயிலுக்கு முன்னால் ஒரு காற்று இடைவெளி கட்டாயம் வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீலகிரியில் வீடு கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இங்கே இன்சுலேஷனைக் கெடுப்பது குளிர் அல்ல, ஈரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸும் தகரம்தான். கெட்டிக்காரத்தனமாக நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை தெர்மாகோல் ஷீட்டுகளைத் தகரத்தோடு ஒட்டினேன். முதல் முறை கடையில் கொடுத்த பசை தெர்மாகோலையே தின்றுவிட்டது. பெட்ரோல், தின்னர் வாடை வரும் பசை எல்லாம் அப்படித்தான் கரைக்கும். வேறு பசை வாங்கி ஒட்டினேன். ஒரு மாதம் ராஜா மாதிரித் தூங்கினேன். மார்கழி வந்ததும் ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கில் சொட்டு விழுந்தது. ஓட்டை என்று மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டை ஒன்றும் இல்லை.

நடந்தது என்னவென்றால், நாம் மூச்சு விடுகிறோம், சமைக்கிறோம், வெந்நீர் வைக்கிறோம். எல்லாம் ஆவியாக அறைக் காற்றில் நிற்கிறது. 18 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், 14 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே அந்த ஆவி தண்ணீராக ஆரம்பித்துவிடும். தெர்மாகோல் ஒட்டியபின் தகரம் முன்னைவிடக் குளிர்ந்து போனது, ஏனென்றால் இப்போது அதற்கு அறையின் சூடு போவதில்லை. ஷீட்டுகளின் இடுக்கு வழியே புகுந்த ஆவி தகரத்தில் பட்டு வேர்த்து, பசையை ஊறவைத்து, சொட்டியது. தண்ணீரின் கடத்துதிறன் 0.6, அசையாத காற்றைப்போல் 24 மடங்கு. ராக்வுல் நனைந்துவிட்டால் அது போர்வை இல்லை, ஈரத்துணி.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். மேலே தகரம், அதன்கீழ் ஓர் அங்குலமாவது காற்று ஓடும் இடைவெளி, தாழ்வாரப் பக்கம் திறந்து, எலி நுழையாதபடி வலை அடித்து, அதன்கீழ் இன்சுலேஷன், அதற்கும் கீழே, அறைப் பக்கம், மூட்டுகளை டேப் ஒட்டி அடைத்த தடிமனான பாலித்தீன், கடைசியாகச் சீலிங் பலகை. பாலித்தீன் அறைப் பக்கம், அதாவது சூடான பக்கம் வர வேண்டும். மேலே போட்டுவிட்டால் ஆவியை இன்சுலேஷனுக்குள்ளேயே பூட்டி வைத்த கதைதான். பழைய துரை பங்களாக்களில் தகரத்துக்கும் பலகைச் சீலிங்குக்கும் நடுவில் ஆள் தவழும் அளவுக்கு இடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம்தான் அந்த மரத்தை இத்தனை காலம் மக்காமல் வைத்திருக்கிறது.

எந்தப் பொருள்? தெர்மாகோல் மலிவு, எடையில்லை, வெப்பத்துக்கு நல்லது. ஆனால் நூறு டிகிரிக்குள்ளேயே இளகிவிடும், தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும், எலியும் எறும்பும் அதில் வளை போடும். பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைத்தது, ஒரே தடிமனுக்கு இவை எல்லாவற்றையும்விட நன்றாகக் குளிரைத் தடுக்கும். புதுக் கூரையே போடுவதாக இருந்தால் யோசிக்கலாம். எரிந்தால் வரும் புகை விஷம், அதையும் கணக்கில் வையுங்கள். ராக்வுல் உருகிய பாறையை நூலாக்கியது, எரியாது. டிரையர் பக்கத்தில் வருஷக்கணக்கில் கிடந்தும் அப்படியே இருந்ததைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். குறை இரண்டு: நனையக் கூடாது, போடும்போது உடம்பெல்லாம் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் ஆளை மேலே ஏற்றாதீர்கள். உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டுக்காவது உதவும் பொருள் என்று பார்த்தால் என் ஓட்டு ராக்வுல்லுக்குத்தான். உங்கள் கூரையில் எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் அதை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும்.

சத்தத்துக்கு வருவோம். சத்தத்தைத் தடுப்பது எடை. எடை இரட்டிப்பானால் ஏட்டுக் கணக்குப்படி 6 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும். 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. அரை மில்லிமீட்டர் தகரமே நாலு கிலோ. அந்தத் தகரத்தையே மீறி வரும் சத்தத்தை ஒரு கிலோ தெர்மாகோல் என்ன செய்யும்? முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் பழக்கமும் அப்படித்தான்; அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றும், பக்கத்து வீட்டுச் சத்தத்தை நிறுத்தாது.

மழைச் சத்தம் இன்னும் தனி ரகம். வெளியிலிருந்து காற்றில் வரும் சத்தம் இல்லை அது. துளி அடித்துத் தகரமே மேளத் தோலாக அதிர்கிறது. அதிர்வை அடக்க, தகரத்தின் கனத்தைக் கூட்டும்படி பிட்டுமன் (தார்) ஷீட் ஒட்டலாம். அதற்கும் கீழே ராக்வுல், அதன்கீழ் 12 மில்லிமீட்டர் ஜிப்சம் அல்லது சிமெண்ட் பலகை என்று வந்தால் நல்ல வித்தியாசம் தெரியும். பலகையைக் கூரைச் சட்டத்தில் நேராக ஆணி அடித்து இறுக்கினால் அதிர்வு சட்டம் வழியாக இறங்கிவிடும். ரப்பர் வாஷர் வைத்தோ தொங்கவிட்டோ கட்ட வேண்டும். இது எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று எண் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு கூரையும் ஒரு மாதிரி. ஐப்பசி மழையில் சாதாரணக் குரலில் பேசலாம் என்ற அளவுக்கு வந்தால் திருப்திப்படுங்கள். மழையே தெரியாமல் செய்து தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது கரண்ட். சுவரில் சுரீர் என்பது கூரை இன்சுலேஷன் விஷயமே இல்லை. எங்கோ வயரின் மேலுறை போயிருக்கிறது, ஈரச் சுவர் அந்தக் கசிவை உங்கள் கைவரை கொண்டு வருகிறது. மழை நாளில் மட்டும் வருகிறது என்றால் அதுதான் காரணம். இங்கே பழைய வீடுகளில் மரக் கேசிங்குக்குள் ரப்பர் உறையும் பருத்திப் பின்னலும் போட்ட வயர் இன்னும் ஓடுகிறது. விரலால் தொட்டால் ரப்பர் பொடியாக உதிரும். வயர் உறை கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கரை எலக்ட்ரீசியனைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரிங்கை மாற்றுவதைத் தவிர வேறு பேச்சு இல்லை. எர்த் சரிபார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போடுங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் தகரத்தின் விளிம்பில் உரசுகிறதா என்றும் பாருங்கள். அதில் உறை தேய்ந்தால் கூரை முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். ஈரம் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமானால் பனிமூட்டத்தில் உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் நின்று பாருங்கள். 1932இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் கம்பியின் கரண்ட் கோபுரத்துக்கு இறங்காமல் தடுக்கும் பீங்கான் டிஸ்க்குகள் வரிசையாகத் தொங்குகின்றன. காய்ந்த நாளில் சத்தமில்லாமல் இருப்பவை, தூசும் பனியும் சேர்ந்தால் உஸ்ஸென்று பேசும்.

இப்போது தெர்மாகோலும் வயரும் சந்திக்கும் இடம். என் குவார்ட்டர்ஸில் அந்த ஷீட்டுகளைப் பிரித்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். பி.வி.சி. வயர் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் வாய்க்கால் மாதிரிக் குழிந்து, வயர் அதற்குள் பதிந்து கிடந்தது. பி.வி.சி.யை வளையும்படி மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடுகிறது. தெர்மாகோல் இளகும், வயரின் உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும். இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம், என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. இன்னொன்று: இன்சுலேஷனுக்குள் புதைந்த வயரின் சூடு வெளியே போகாது. சாதாரண பி.வி.சி. 70 டிகிரி வரைதான் தாங்கும். முழுக்கப் புதைந்த வயரில் ஓடவிடும் கரண்டைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். மோட்டார் வைண்டிங்கில் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருப்போம். வயருக்கும் அந்தப் புத்தி உதவும். கீசர், ஹீட்டர் லைன்களைக் கட்டாயம் கான்ட்யூட் குழாயில், இன்சுலேஷனுக்கு வெளியே கொண்டு போங்கள்.

ஃபாயில் போடத்தான் போகிறீர்கள் என்றால் ஆஸ்திரேலியாவில் நடந்ததை நினைவில் வையுங்கள். 2009இல் அங்கே அரசு மானியத்தில் வீட்டுக் கூரைகளுக்கு இன்சுலேஷன் போடும் திட்டம் நடந்தது. வேலை செய்த இளைஞர்கள் நான்கு பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி. ஃபாயிலை அடித்த உலோக ஸ்டேப்பிள் வயரைத் துளைத்து, தாள் முழுக்கக் கரண்ட் ஏறியதும் அதில் உண்டு. குளிரைத் தடுக்கப் போட்டது கரண்டைப் பரப்பியது. யார் மேலே ஏறினாலும் மெயினை அணைத்துவிட்டு ஏறட்டும்.

ஆகவே உங்கள் வீட்டில் நான் செய்வதென்றால் வயரிங்கில் ஆரம்பிப்பேன், அப்புறம் இடுக்குகள், அதற்கும் அப்புறம்தான் கூரை. இடுக்குகளை அடைத்த பிறகு கரி அடுப்பை அறைக்குள் கொண்டு போகும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். அடைத்த அறையில் கரி மூட்டிப் படுத்து எழுந்திருக்காமல் போனவர்கள் இந்த மலையிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கூரை வேலையை வடகிழக்கு மழை முடிந்து மரம் காய்ந்தபின், மாசி பங்குனியில் வையுங்கள். ஈர மரத்தின்மேல் பலகை அடித்தால் உள்ளேயே காளான் முளைக்கும். பழைய சீலிங்கைக் கழற்றியதும் சட்டங்களில் நாலைந்து இடத்தில் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ராக்வுல் கடைக்குப் போக வேண்டாம், தச்சரைக் கூப்பிடுங்கள்.